குருவுக்கு மூன்றாம் இடம்

விடிந்ததும் வல்லரசு மோட்டார் போட்டான். தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டதும் அணைத்தான். கேட்டில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தான். அரை லிட்டர். ஒரு ஆளுக்கு அது அதிகம். பால்காரரிடம் இன்னும் மாற்றிச் சொல்லவில்லை. காபி போட்டுக் குடித்தான். மிச்சப் பாலைக் காய்ச்சி மூடி வைத்தான். நேற்று காய்ச்சி மூடி வைத்ததைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினான். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தான். பல் தேய்த்தோமா என்று சந்தேகம் வந்தது. பிரஷைத் தொட்டுப் பார்த்தான். ஈரமாக இருந்தது. தேய்த்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை. அவன் வேலை பார்க்கும் டிராக்டர் ஷோரூமுக்கு லீவு. கெடாரிலிருந்து அண்ணன் குமரேசன் பைக்கில் வருவான். இரண்டு பேரும் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போக வேண்டும். அங்கே மாமனார் வீட்டில் இன்று தட்டு மாற்றுகிறார்கள். செத்துப்போன மனைவி கலைமதியின் தங்கை பானுப்ரியாவை அவனுக்கே கட்டிவைப்பதென்று முடிவாகியிருக்கிறது. குரு பெயர்ச்சிக்குள் தாலி கட்டிவிட வேண்டுமாம்.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு வாக்கியத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. சாகும்போது கலைமதி புருஷன் கையைப் பிடித்து, "என் தங்கச்சிய கைவிட்டுடாத" என்று சொன்னாளாம். அவள் அப்படிச் சொல்லவில்லை. அது வல்லரசு ஒருவனுக்குத்தான் தெரியும்.

அந்த வாக்கியம் பிறந்தது சாவு வீட்டில். மாமியார் கிருஷ்ணவேணியின் அக்கா பாஞ்சாலி. கிளியனூர்ப் பக்கம் எங்கே எழவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு அவரைத் தேடுவார்கள். செத்தவர் வாயில் வார்த்தையை வைத்துப் பாடுவது ஒப்பாரியில் வழக்கம்தான். புருஷனிடம் இப்படிச் சொன்னாயாமே, பிள்ளையிடம் அப்படிக் கேட்டாயாமே என்று கட்டிக்கொண்டு போவார்கள். சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்கள் அழுவார்கள். யாரும் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. அன்றைக்குப் பாஞ்சாலி மாரில் அடித்துக்கொண்டு பாடினார்:

"கண்ணு மூடும் நேரத்துல என் கண்ணே
கையப் புடிச்சி சொன்னியாமே
கூடப் பொறந்தவள கைவிடாத மாமான்னு
கும்பிட்டுக் கேட்டியாமே."

கருமாதியன்று ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தவனிடம் கிருஷ்ணவேணி கேட்டார். "அப்டியா மாப்ள சொல்லிச்சி எம்பொண்ணு?"

"ம்" என்றான் வல்லரசு.

அந்த நாட்களில் எல்லாவற்றுக்கும் அவன் ம் என்றான். சாப்பிட்டியா என்றாலும் ம். சாப்பிடலையா என்றாலும் ம். இந்த ஒரு ம்மை மட்டும் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

கலைமதி திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர். கல்யாணத்துக்குப் பிறகும் தினமும் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் போய் வந்தாள். கூட வேலை பார்த்த ஜெசிந்தா டீச்சரும் அவளும் பிளஸ் டூ பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஒரு வேலை செய்தார்கள். எங்கோ ஒரு தேசத்தில், மலை மேல் இருக்கும் தொலைநோக்கி எடுத்த படங்கள் கம்ப்யூட்டருக்கு வரும். வானத்தின் ஒரே இடத்தை, சற்றுச் சற்று நேரம் விட்டு எடுத்த நான்கு படங்கள். அவற்றை மாற்றி மாற்றி ஓடவிட்டால் நட்சத்திரங்கள் அசையாமல் நிற்கும். ஏதாவது ஒரு புள்ளி நகர்ந்தால் அது கல். பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்த கல்லாக இருக்கும். இல்லாவிட்டால் கேமராவின் கோளாறு.

ஒரு தரம் ஒரு புள்ளி மிக மெதுவாக நகர்ந்தது. மெதுவாக நகர்ந்தால் வெகு தொலைவில் இருக்கிறதென்று அர்த்தம். எழுதி அனுப்பினார்கள். மற்றவர்களும் தேடிப் பார்த்துவிட்டு, இருக்கிறது என்றார்கள். வியாழன் சுற்றும் அதே பாதையில் சுற்றுகிற கல் என்றும் சொன்னார்கள்.

அன்று பஸ்ஸிலிருந்து இறங்கியவள் வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள்.

"கரியவிட கருப்பு அது. மேல படற வெளிச்சத்துல நூத்துல நாலஞ்சு பங்குகூட திருப்பித் தராது."

"அப்பறம் எப்டி கண்டுபுடிச்ச?"

"அதான் நகுந்துச்சே."

"வியாழன் மேல போயி முட்டிக்காதா?"

"முட்டாது. அறுபது டிகிரி முன்னாடி போய்க்கினு இருக்குது. பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு சுத்து. அது நிக்காது, இது நெருங்காது."

"ரெண்டுத்துக்கும் சண்டையா?"

"சண்ட போடணும்னாகூட கிட்ட வரணுமே. நீ விழுப்புரம், நான் திண்டிவனம்னு வெச்சிக்கோ. ஒரே ரோடு. ஆனா பஸ்ஸே கெடயாது."

பேர் வைக்கலாமா என்று கேட்டான். வைக்கலாம் என்றாள். ஆனால் அதற்கு முன்னால் வருஷக்கணக்காக அதன் பின்னாலேயே போய்ப் பாதையை உறுதி செய்ய வேண்டும். "அதுக்குள்ள நமக்குப் பேரப்புள்ளயே பொறந்துடும்."

"புள்ளயே இன்னும் பொறக்கல."

"வரிசையாத்தான் வரும், இரு. அவசரப்பட்டா எப்டி?"

மார்கழியில் டெங்குக் காய்ச்சல் வந்து செத்துப்போனாள். இருபத்தொன்பது வயது.

பள்ளிக்கூடத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். ஜெசிந்தா டீச்சர் அழுதுகொண்டே பேசினார். வியாழன் கோளின் பாதையில் கலைமதி கண்டுபிடித்த கல் என்றைக்கும் சுற்றிக்கொண்டே இருக்கும் என்றார். முன் வரிசையில் மாமனார் சீனுவாசன் உட்கார்ந்திருந்தார். கிளியனூர் ரோட்டு நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிறவர். கூட்டம் முடிந்ததும் எழுந்து போய்க் கேட்டார்.

"வியாழன்னா குரு பகவான்தான டீச்சர்?"

"ஆமாங்கய்யா" என்றார் ஜெசிந்தா டீச்சர்.

அவ்வளவுதான். இருட்டுவதற்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. சீனுவாசன் மகள் குருவிடம் போய்ச் சேர்ந்துவிட்டாள். கிருஷ்ணவேணி வியாழக்கிழமை தோறும் கொண்டைக்கடலை ஊறவைத்து மாலை கோத்தார். ஒன்று கோயிலில் குருவுக்கு. ஒன்று வீட்டில் கலைமதி படத்துக்கு. பாஞ்சாலி ஒப்பாரி வார்த்தையையும் குருவையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்.

"ஊருல அவனவன் கல்யாணத்துக்கு குரு பலன் வந்துச்சா வந்துச்சான்னு ஜாதகத்த தூக்கிக்கினு அலையறான். நம்ம பொண்ணு குருவாண்டயே நிக்கிது. வாயாலயும் சொல்லிட்டா, வானத்துலருந்தும் சொல்றா. இன்னும் இன்னா ரோசனை?"

யாருக்கும் ரோசனை இல்லை. வல்லரசு மறுக்கவில்லை. மறுப்பதற்கு முதலில் வாயைத் திறக்க வேண்டும்.

போன வாரம் பானுப்ரியா ஷோரூமுக்கு வந்தாள். புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள். டியூட்டி முடித்த கையோடு பஸ் ஏறியிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. அப்போது கலப்பைக்கு போல்ட் வாங்க வந்திருந்த சின்னதுரை என்ற பெரியவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா தம்பி, பாப்பா டிராக்டர் வாங்க வந்துகீதா?"

"ஆமாம் பெரியவரே. ஓட்டிக் காட்டறேன், முன்னாடி வந்து நில்லுங்க" என்றாள் பானுப்ரியா.

பெரியவர் சிரித்துக்கொண்டே நகர்ந்தார். அக்காளின் வாய் அப்படியே தங்கைக்கு இருந்தது. வல்லரசு அவளைப் பக்கத்து டீக்கடைக்குக் கூட்டிப்போனான்.

"வளவனூர் வரைக்கும் நின்னுக்கினே வந்தேன் மாமா. ஒன்னே ஒன்னு கேக்கணும். ஆமா, இல்ல, எதுனா ஒன்னு சொல்லுங்க போதும். அக்கா நெஜமாவே அப்டி சொல்லுச்சா?"

அவன் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் நர்ஸு மாமா. தொண்டையில ட்யூப் போட்ட பேஷண்ட் பேசாது. பெரியம்மாவுக்கு அது தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ட்யூப் போடறதுக்கு முன்னாடி சொல்லுச்சான்னுதான் கேக்கறேன்."

"சொல்லிருந்தா?"

"சொல்லிருந்தா கட்டிக்கிறேன். அப்பா பி.ஏ. போதும்னாரு. அக்காதான் சோறு திங்காம கெடந்து என்னை நர்ஸிங் சேத்துச்சு. அது ஒன்னு கேட்டு நான் மாட்டேன்னு சொல்ல மாட்டேன்."

"சொல்லலன்னா?"

பானுப்ரியா கண்ணாடி கிளாஸை பெஞ்சில் வைத்தாள். "சொல்லலன்னா என்னால ஆவாது மாமா. உங்க மேல எனக்குக் கோவம் ஒன்னும் இல்ல. உங்கள பாத்தா அக்கா நெனப்புதான் வருது. உங்களுக்கும் என்னைப் பாத்தா அதான வரும்? ரெண்டு பேரும் ஒரு வீட்டுல ஒக்காந்துக்கினு காலம் பூரா எழவு வீடாட்டம்..."

"அத்த இருக்காங்க" என்றான்.

"தெரியும். அந்த ஒரு வார்த்தய நெனச்சித்தான் அம்மா சோறே திங்குது. அதான் அங்க கேக்காம இங்க வந்து கேக்கறேன்."

ஷோரூமிலிருந்து போன் வந்தது. எழுந்தான். அவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தாள்.

இல்லை என்று ஒரு சொல். சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த நிமிஷமே, அப்ப இன்னாதான் சொல்லுச்சு என்று கேட்பாள். அவள் கேட்பாள், மாமியார் கேட்பார், தெருவே கேட்கும். கலைமதியின் புடவைகளைச் சொந்தக்காரர்கள் எடுத்துப்போயிருந்தார்கள். புத்தகங்களை ஜெசிந்தா டீச்சர் பள்ளிக்கூடத்துக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவள் கண்டுபிடித்த கல்லைக்கூட இவர்கள் குருவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவள் கடைசியாகச் சொன்னது மட்டும் யார் கையிலும் அகப்படாமல் அவனிடம் இருந்தது. அதையும் கொடுத்துவிட்டால் பிறகு ஒன்றுமில்லை.

குமரேசன் வந்து ஹாரன் அடித்தான்.

"ஏன்டா, மூஞ்சிய அடுப்புல சுட்ட கத்திரிக்கா மாரி வெச்சிக்கினு வர்ற? ஜல்தி ஏறு. நல்ல நேரம் முடிஞ்சிட்டா அந்த பாஞ்சாலி அத்தகிட்ட யாரு பேச்சு வாங்கறது?"

விக்கிரவாண்டியைத் தாண்டினார்கள். வெயில் ஏறிவிட்டது. லாரிகள் காற்றை அறைந்துகொண்டு போயின.

"அண்ணா, அந்தப் பொண்ணுக்கு இஷ்டம்தானா?"

"இஷ்டம் இன்னாடா இஷ்டம்? அக்கா சொல்லிட்டுப் போச்சி. அதுக்கு மேல இன்னா வோணும்?" குமரேசன் திரும்பாமலே கத்தினான். "தோ பாரு, அம்மாவுக்கு கண்ணு செரியில்ல. உங்கண்ணி கெடார்லருந்து தெனிக்கும் உனக்கு சோறு தூக்கிக்கினு வருவாளா? நீ பாட்டுக்கு ம்னு சொல்லிக்கினே இரு. உன் வாயில அது ஒன்னுதான் ஒழுங்கா வருது."

"ம்" என்றான் வல்லரசு.

"பாத்தியா?" என்றான் குமரேசன்.

மாமனார் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்திருந்தது. தட்டுகள் வரிசையாக இருந்தன. வெற்றிலை, வாழைப்பழம், மஞ்சள், கதம்பம், ஒரு பச்சைப் பட்டுப்புடவை. சுவரில் கலைமதி படம். வியாழக்கிழமை போட்ட கொண்டைக்கடலை மாலை காய்ந்து சுருங்கியிருந்தது. உறவுக்காரர்கள் பத்துப் பேருக்கு மேல் இல்லை. இரண்டாம் கல்யாணத்துக்கு அது போதும் என்று நினைத்திருப்பார்கள். பானுப்ரியா உள்ளறை நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். தலை நிறையப் பூ வைத்திருந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

சீனுவாசன் தட்டைத் தூக்கினார். குமரேசன் கையை நீட்டினான். அப்போது கிருஷ்ணவேணி வந்து வல்லரசுவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நிமிசம் இருங்க. மாப்ள, தட்டு மாத்தறதுக்கு முன்னாடி எம்பொண்ணு சொன்னத உங்க வாயால ஒரு தபா சொல்லிடுங்க. எல்லாரும் கேக்கட்டும். எங்க அக்கா சொல்லித்தான் கேட்டுகீறேன். நீங்க சொல்லி நான் கேட்டதே இல்ல."

கை சூடாக இருந்தது. வல்லரசு படத்தைப் பார்த்தான். மாலையைப் பார்த்தான். முதலில் வாயில் வந்தது கல்தான்.

"அத்த, அந்தக் கல்லு குருவாண்ட இல்ல."

"டீச்சர் சொன்னாங்களே" என்றார் சீனுவாசன். தட்டு அவர் கையிலேயே இருந்தது.

"பாதைதான் ஒன்னு மாமா. கல்லு தள்ளி இருக்குது. அறுபது டிகிரி. ரெண்டு ராசி தூரம்."

சீனுவாசனுக்கு ஜாதகம் கொஞ்சம் தெரியும். தட்டைக் கீழே வைத்துவிட்டு விரல் கணுக்களில் எண்ணினார். "குரு இப்ப மிதுனம். கடகம், சிம்மம்..." விரல் நின்றது. "மூணாம் எடம்." நிமிர்ந்து பார்த்தார். "குரு அஞ்ச பாப்பாரு, ஏழ பாப்பாரு, ஒம்போத பாப்பாரு. மூணாம் எடத்துக்குப் பார்வ கெடயாதேப்பா."

"இன்னிக்கி இல்லன்னா இன்னொரு நாளிக்கி நகராதா?" என்றார் பாஞ்சாலி.

"நகரும். குருவும் சேந்து நகரும். கொஞ்சம் முன்ன பின்ன, எப்பவும் அதே தூரம்தான். அவரு பக்கத்துல இது போகாது. கருப்புக் கல்லு. வெறும் கண்ணுக்குத் தெரியாது. அது யாருக்கும் ஒன்னும் சொல்லல."

இத்தனை நீளமாக அவன் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. கிருஷ்ணவேணி படத்தைத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் கோத்த கடலை அத்தனையும் அந்தப் பார்வையில் இருந்தது. வல்லரசு தலையைக் குனிந்துகொண்டான்.

முதலில் சமாளித்தவர் பாஞ்சாலிதான். "கல்லு எங்கனா போவட்டும். அதுக்கு வாயா, நாக்கா? எம்பொண்ணு வாயால சொன்னது சொன்னதுதான? அதச் சொல்லுங்க மாப்ள."

"நீங்க பாடினீங்க அத்த" என்றான்.

"இன்னாது?"

"ஒப்பாரியில நீங்க பாடினீங்க. அவ சொல்லல."

குமரேசன் பல்லைக் கடித்துக்கொண்டு, "டேய், இன்னாடா பேஜாரு பண்ற" என்றான். சீனுவாசன் பாயில் உட்கார்ந்துவிட்டார். நிலைப்படியில் நின்ற பானுப்ரியா தலையை நிமிர்த்தினாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. அவளும் உள்ளுக்குள் ஏதோ ஒரு மூலையில் அந்த வார்த்தையை நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். தன்னை நினைத்துக்கொண்டே அக்கா போனாள் என்பது இப்போது அவளுக்கும் இல்லை.

"அப்ப ஒன்னுமே சொல்லாமயா போயிட்டா?" கிருஷ்ணவேணியின் பிடி இறுகியது. "ஒரு வார்த்தகூடவா இல்ல?"

"ட்யூப் போட்டப்பறம் பேசல அத்த. ராத்திரி பூரா கையப் புடிச்சிக்கினு இருந்தேன். அது நெஜம். பேசல."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி மத்தியானம் பேசினா. சொரம் எறங்கிடிச்சி. எல்லாரும் நல்லாயிட்டான்னு நெனச்சோம்."

நல்லாகவில்லை. டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். நர்ஸுக்குப் படித்த பானுப்ரியா அன்று தன் ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்தாள். வல்லரசுக்கு இந்த ஆபத்து தெரிந்திருக்கவில்லை. அவன் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள்.

"இன்னா சொல்லிச்சி?" கிருஷ்ணவேணி விடவில்லை. "எதுவா இருந்தாலும் செரி. என்னைத் திட்டிருந்தாலும் செரி. எம்பொண்ணு கடைசியா இன்னா பேசிச்சின்னு பெத்தவளுக்குத் தெரிய வேணாமா? சொல்லுய்யா."

மாப்ள போய் அய்யா ஆகியிருந்தான். அவன் மாமியாரின் முகத்தைப் பார்த்தான். பிறகு பானுப்ரியாவைப் பார்த்தான். அவள் தலையில் இருந்த பூவை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சேந்தாப்புல ரெண்டு நாளு அந்த வார்டுலயே கெடந்தேன் அத்த. கண்ண தொறந்தா. என்னைப் பாத்தா. பக்கத்துல போயி ஒக்காந்தேன்."

"ஒக்காந்து?"

"மூக்கப் பொத்திக்கினா."

"சொல்லுய்யா."

"ஐய, நாறுது. வீட்டுக்குப் போயி குளிச்சிட்டு, சட்டய மாத்திக்கினு வா."